கடலைக்காய் வேஷம் போட்ட கோமாளி செத்த எபிசோடு: இத எதுக்கு முதலிடத்துல வச்சாங்க?

கடைசிபெஞ்ச்_கலா:

மதுரைல ஒரு யூடியூப் சேனலுக்கு வாரம் ரெண்டு ஸ்கிட் எழுதுறேன். ஆறு நிமிஷம், ஒரே வீடு, மூணு நடிகருங்க. மூணுல ஒருத்தர் ஓனரோட மச்சான், அவருக்கு வசனம் குறையக் கூடாது. போன வாரம் ஒரு சாவு வீட்டு ஸ்கிட் எழுதிக் கொண்டு போனேன். "இழவு வீட்டுல என்னம்மா காமெடி? கமெண்ட்ல காறித் துப்பிருவாங்க"ன்னு ஓனர் முழுசாப் படிக்காமலே திருப்பிக் குடுத்துட்டார். எடிட்டர் தம்பிதான் பாவம் பாத்து, "அக்கா, இத ஒரு தடவ பாருங்க"ன்னு ஒண்ண அனுப்பினான்.

மேரி டைலர் மூர் ஷோன்னு அமெரிக்க டிவி காமெடித் தொடர், ஆறாவது சீசன். எபிசோடு பேரு 'சக்கிள்ஸ் பைட்ஸ் த டஸ்ட்'. 1975 அக்டோபர் 25ல சிபிஎஸ்ல வந்திருக்கு. அமெரிக்காவோட டிவி கைடு பத்திரிகை 1997ல, இதுவரைக்கும் வந்ததுலயே சிறந்த 100 எபிசோடுன்னு பட்டியல் போட்டப்ப இதுக்குத்தான் முதலிடம்.

பாக்காதவங்களுக்குக் கதை: மினியாபொலிஸ்ல டபிள்யூஜேஎம்னு ஒரு டப்பா டிவி ஸ்டேஷன். அங்க செய்திப் பிரிவுல மேரி புரொடியூசர். ஊருக்கு சர்க்கஸ் வருது. ஊர்வலத்துக்குத் தலைமை தாங்க செய்தி வாசிக்கிற டெட்டக் கூப்பிடுறாங்க. செய்தி வாசிக்கிறவன் அங்கெல்லாம் போகக் கூடாதுன்னு பாஸ் லூ கிராண்ட் தடுத்துடுறார். அவனுக்குப் பதிலா அதே ஸ்டேஷன்ல குழந்தைங்க நிகழ்ச்சி நடத்துற கோமாளி சக்கிள்ஸ் போறார். கடலைக்காய் வேஷத்துல. மதம் பிடிச்ச யானை ஒண்ணு அவர உரிக்கப் பாக்குது. ஆள் காலி.

அதுக்கப்புறம் ஆபீஸ்ல அத்தன பேரும் இதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்குறாங்க. மேரி மட்டும் "ஒரு மனுஷன் செத்துக் கெடக்கான், உங்களுக்குச் சிரிப்பா இருக்கா"ன்னு ஒவ்வொருத்தராத் திட்டுறா. கடைசில இறுதிச் சடங்குல எல்லாரும் கம்முனு இருக்காங்க. மேரிக்குத்தான் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது.

ராத்திரி பதினோரு மணிக்கு இயர்போன் மாட்டிக்கிட்டு தனியாப் பாத்தேன். மொத்தமே மூணு தடவதான் சிரிச்சேன், எண்ணி வச்சிருக்கேன். டெட் நேரலையில உளர்றப்ப ஒண்ணு. யானை உரிச்சதுக்கு ஒண்ணு. அதே ஸ்டேஷன்ல வீட்டுக்குறிப்பு நிகழ்ச்சி நடத்துற சூ ஆன், தான் செத்தா எரிச்ச சாம்பல நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்டு மேல தூவணும்னு சொல்றப்ப ஒண்ணு. மேரியப் பாத்தா எங்க ஹாஸ்டல் வார்டன் ஞாபகம் வருது. அந்தச் சடங்கு சீன்ல எனக்குச் சிரிப்பே வரல. வயித்தக் கலக்குச்சு. ஐயோ நிறுத்தும்மா, எல்லாரும் பாக்குறாங்கன்னு இருந்துச்சு.

விமர்சகருங்க இதுல எதப் பாத்தாங்க? கிண்டலுக்குக் கேக்கல. ஓனர்கிட்ட மல்லுக்கட்ட எனக்குப் பாயிண்ட் வேணும்.

பாளை_பரணி:

இதுல மண்டையப் பிச்சுக்க என்ன இருக்கு? பட்டியல் போட்ட பெருசுக சின்ன வயசுல ஒரு டிவிப் பெட்டி முன்னாடி உக்காந்து பாத்த நாடகம். அந்தப் பாசம்தான். மெஷின் வச்சு சிரிப்புச் சத்தம் போட்டா எதுவும் காமெடிதான். அதே டிவி கைடு 2009ல மறுபடி பட்டியல் போட்டப்ப இது மூணாவது இடத்துக்கு இறங்கிட்டு, சைன்ஃபெல்டு எபிசோடு ஒண்ணு மேல போயிட்டு. இன்னும் கொஞ்ச நாள் போனா யாரும் சீந்த மாட்டாவ. உங்க ஓனர் சொல்றதுதான் சரி.

ரெண்டுவரி_சப்டைட்டில்:

பரணி தம்பி, அது மெஷின் சிரிப்பு இல்ல. ஸ்டுடியோவுல ஆளுங்கள வரிசையா உக்கார வச்சு, நாடகம் மாதிரி அவங்க முன்னாடி நடிச்சு, பல கேமரால படம் புடிச்ச ஷோ. அந்தச் சிரிப்பு நிஜ ஆளுங்களோடது. இந்த எபிசோடுக்கு அது ரொம்ப முக்கியம், கீழ சொல்றேன். அப்புறம், 34 வருஷம் கழிச்சு மூணாவது எடத்துல இருக்கறது உங்க ஊர்ல இறக்கமா? எங்க வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் ஆபீஸ்ல குடுத்த கிரேடே அதுக்குக் கீழதான்.

கலா, நான் சென்னைல உக்காந்து பதினாலு வருஷமா சப்டைட்டில் எழுதுறவ. காமெடி வந்தா எங்களுக்கு ஜுரம் வரும். வார்த்தை விளையாட்டு எதுவும் கடல் தாண்டாது. ஆனா இந்த எபிசோட பழக்கத்துக்காக ஒருதடவ தமிழ்ல எழுதிப் பாத்தேன், ஆச்சரியமா தானா வந்து உக்காந்துது. யானை வேற யாரையும் தாக்காம இருந்ததே அதிர்ஷ்டம்னு லூ சொல்லுவார். ஆமா, கடலைய ஒண்ணோட நிறுத்தறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியுமேன்னு செய்தி எழுதுற மர்ரே சொல்லுவான். மெரீனால பொட்டலம் வாங்கின யாருக்கும் இதுக்கு விளக்கம் வேண்டாம். நீங்களே பாருங்க, கதை சொல்றப்ப "உரிக்கப் பாக்குது"ன்னு எழுதிட்டீங்க. அது லூ சொல்ற வரி. உங்களையறியாம நீங்களும் அந்த ஆபீஸ்ல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துட்டீங்க.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். முதல் பாதி ஜோக்கெல்லாம் கொஞ்சம் மட்டமாத்தான் இருக்கும். இருக்கணும். டீ குடிக்கற எடத்துல ஆபீஸ் ஆளுங்க அடிக்கற ஜோக் அந்த லெவல்லதான் இருக்கும், அதுல கெட்டிக்காரத்தனம் தெரிஞ்சா எழுத்தாளர் எட்டிப் பாக்கறார்னு அர்த்தம். ஏன் சிரிக்கறோம்னு லூ மேரிகிட்ட ஒரு எடத்துல சொல்லுவார், சாவ நெனச்சா பயம், அதனாலதான்னு. மேரி கேக்க மாட்டா. கேட்டுட்டா அப்பவே கதை முடிஞ்சுது.

உங்களுக்கு வார்டன் ஞாபகம் வந்தது சரியான ஞாபகம். இருபது நிமிஷம் அவள வார்டனாவே நிக்க வச்சு, அதுக்கப்புறம் படிக்கட்ட உருவறாங்க. அதுக்கான கயிறு எங்க கட்டியிருக்குன்னு தெரியுமா? நீங்க சிரிச்ச டெட் சீன்லயே. நேரலைல இரங்கல் சொல்லத் தெரியாம முழிச்சு, சக்கிள்ஸ் தினமும் நிகழ்ச்சி முடிவுல சொல்ற கோமாளி வாக்குன்னு ஒண்ண எடுத்து விடுவான். நான் அத இப்படி எழுதினேன்: "கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் ஆட்டம், கால்சட்டைக்குள் சோடா ஓட்டம்." அப்ப அது டெட்டோட முட்டாள்தனமா போயிடும், நாம மறந்துடுவோம். சடங்குல பாதிரியார் அதே வரிய, துளி சிரிப்பில்லாம, சக்கிள்ஸ் பதிலுக்குக் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்னு சொல்லுவார். மேரி உடையற எடம் அதுதான்.

அதுக்கு முன்னாடியே கசிய ஆரம்பிச்சிருக்கும். சக்கிள்ஸ் போட்ட வேஷங்கள பாதிரியார் ஒண்ணொண்ணா சொல்லுவார், மிஸ்டர் ஃபீ-ஃபை-ஃபோ கீழ விழுந்து எழுந்து தூசி தட்டிக்கிட்டு "என் ஃபூ-ஃபூல அடிபட்டுடுச்சு"ன்னு சொல்றத வாழ்க்கைத் தத்துவமா விளக்குவார். அப்ப மத்தவங்க மூஞ்சியப் பாருங்க. ரெண்டு நாளா சிரிச்ச கூட்டம் அத்தனையும் கல்லு மாதிரி உக்காந்திருக்கும். சிரிக்காதவ ஒருத்திதான் வாயப் பொத்திக்கிட்டு இருமற மாதிரி நடிப்பா. ஸ்டுடியோவுல உக்காந்திருக்கற ஜனம் அவளுக்காகச் சிரிக்குது, அவ அடக்க அடக்க ஜனத்தால அடக்க முடியல. பரணி சொன்ன அந்த மெஷினால இத பண்ண முடியாது.

அப்புறம்தான் எல்லாரும் எழுதற அந்தத் திருப்பம். பாதிரியார் மேரிய எழுந்து நிக்கச் சொல்லி, "அடக்காதம்மா, சிரி, அவருக்கு அழுதா பிடிக்காது, சிரிக்கறதுதான் பிடிக்கும்"னு அனுமதி குடுப்பார். அனுமதி கெடச்ச அந்த நிமிஷம் மேரி விம்மி விம்மி அழ ஆரம்பிச்சுடுவா. வசனமே கெடயாது. சிரிப்பும் அழுகையும் ஒரே மூஞ்சில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எறங்குது. இந்த எபிசோடப் பத்தி யார் எழுதினாலும் சுத்தி வந்து அந்த முகத்துலதான் நிக்கறாங்க. உங்களுக்கு வயித்தக் கலக்குச்சுன்னு சொன்னீங்களே, சரியாத்தான் பாத்திருக்கீங்க.

ஓனருக்குப் பாயிண்ட் வேணும்னா இது: எழுதின டேவிட் லாயிடுக்கு 1976ல எழுத்துக்கான எம்மி, அதாவது அமெரிக்க டிவி விருது, கெடச்சுது. அந்த வருஷம் மேரியா நடிச்ச மேரி டைலர் மூருக்கும் எம்மி, டெட்டா நடிச்ச டெட் நைட்டுக்கும் சூ ஆனா நடிச்ச பெட்டி வைட்டுக்கும் எம்மி, ஷோவுக்கும் எம்மி. வழக்கமா இயக்கற ஜே சாண்ட்ரிச், சாவ வச்சு விளையாடறது சரியில்லன்னு இந்தக் கதைய வேண்டாம்னுட்டாராம். உங்க ஓனர் மாதிரிதான். ஜோன் டார்லிங்னு ஒரு பெண் இயக்குநர் செஞ்சாங்க, அப்பல்லாம் டிவில பெண் இயக்குநருங்கள விரல் விட்டு எண்ணிடலாம். இந்த எபிசோடுக்காக எம்மிக்கு அவங்க பேரும் பரிந்துரைல போச்சு.

கடைசிபெஞ்ச்_கலா:

அக்கா, அந்த சோடா வரிய நான் முதல் தடவ சுத்தமா கவனிக்கல. இப்ப போய் திரும்பப் பாத்தேன். டெட் சொல்றப்ப ஜஸ்ட் அப்படியே கடந்து போயிடுது, திருட்டுத்தனமா நட்டு வச்சிருக்காங்க. இத விட ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. மேரி சிரிப்ப அடக்குறப்ப முன்வரிசை ஆளுங்க திரும்பிப் பாக்குறாங்க, அந்தப் பார்வைலயே அவ கூனிக் குறுகிடுறா. ரெண்டு நாளா அவ மத்தவங்களப் பாத்த அதே பார்வை.

சரி, மூர் நல்ல நடிகை, ஒத்துக்குறேன். ஆனா எங்க சேனல் பாக்குறவங்க உசிலம்பட்டிலயும் மேலூர்லயும் இருக்காங்க. பாதிரியார், கறுப்புக் கோட்டு, அமைதியான ஹாலு, இதெல்லாம் அங்க ஏது? நம்ம சாவு வீட்டுல சத்தம்தான். அடக்கி வச்சாத்தான சிரிப்பு வெடிக்கும்? பறையும் வேட்டும் முழங்குற எடத்துல எவன் சிரிச்சாலும் யாருக்குக் கேக்கும்?

கோலிசோடா_பேரன்:

தங்கச்சி, கேக்கும். எனக்குக் கேட்டுச்சு.

நமக்கு கோவில்பட்டிப் பக்கம். எங்க தாத்தா கோலி சோடாக் கம்பெனி வச்சிருந்தார். கம்பெனின்னா ஒரு தகரக் கொட்டகை, ஒரு மெஷினு, ஒரு சைக்கிளு. அதான் அந்த சோடா ஓட்டம் வரியப் படிச்சதும் பதில் எழுத உக்காந்துட்டேன். நான் அந்த ஷோவ ஒரு எபிசோடுகூடப் பாத்ததில்ல, இனிமேதான் பாக்கணும்.

தாத்தா போனது 2016ல. வயசு எம்பத்தொம்பது, கல்யாணச் சாவுதான். நான் மூத்த பேரன். அப்பா இல்ல, அதனால பந்தக்காரன், ஐஸ் பெட்டி, மேளக்காரங்க, டீ எல்லாம் நம்ம தலைல. சித்தப்பா பசங்க நாலு பேரு திண்ணைல உக்காந்து தாத்தா கதையப் பேசிப் பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தானுங்க. தாத்தா வரி கட்டாம ஆபீஸர்கிட்ட சோடா குடுத்தே மூணு வருசம் தள்ளின கதை. நான் போய் நாலு தடவ அதட்டினேன். "பெரிய மனுசன் உள்ள கெடக்காரு, வெளிய என்னடா கெக்கெபிக்கே"ன்னு. ஒருத்தன கையோங்கவும் செஞ்சேன். இப்பப் படிக்கையில தெரியுது, மேரி நான்தான்.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் போடணும்ல, போட்டோ தேடினா தாத்தா போட்டோ ஒண்ணுகூட உருப்படியா இல்ல. கேமராவக் கண்டா எந்திரிச்சுப் போற ஆளு. ரேஷன் கார்டுல இருந்தது அழிஞ்சுபோச்சு. கடைசில ஒரு கல்யாண ஆல்பத்துல, பந்தில உக்காந்து சாப்பிடுற போட்டோ சிக்குச்சு. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் "இலைய வெட்டிருவோம், முகத்த மட்டும் எடுத்துருவோம், ஒண்ணும் தெரியாது"ன்னார். சரி போடுங்கன்னு வந்துட்டேன். ஒரு மணி நேரத்துல தெருமுனைல எட்டடி உசரத்துல கட்டிட்டாங்க. கீழ 'இமயம் சரிந்தது'. மேல எங்க தாத்தா, ஒரு கன்னம் மட்டும் ஜாங்கிரி அளவுக்கு உப்பி, கண்ணு மேல சொருகி, மெல்லுற நேரத்துல. அத அவசரத்துல நான் நின்னு பாக்கவே இல்ல.

சாயங்காலம் எடுக்குற நேரம். தெருவே நின்னுச்சு, மேளத்த நிறுத்தச் சொல்லிட்டாங்க, தண்ணி எடுக்க நீர்மாலைக்குப் போனவங்க திரும்பி வர்ற சமயம். உங்க கேள்விக்கு இதான் பதிலு, நம்ம சாவு வீட்லயும் அப்படி ஒரு அஞ்சு நிமிசம் சத்தம் செத்துப்போவும். அந்நேரம் தாத்தாவோட சேக்காளி ஒருத்தர், அவருக்கும் எம்பதுக்கு மேல, கம்ப ஊணிக்கிட்டு ஃப்ளெக்ஸ் முன்னாடி வந்து நின்னார். நான் பக்கத்துல. ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்தார். கண்ணுல தண்ணி முட்டிருச்சு. அப்புறம் என் கையப் புடிச்சு, மெதுவா, நெசமான வருத்தத்தோட, "பாவி எமன்... முழுங்கக்கூட விடலயே அய்யா"ன்னார்.

எனக்கு வயித்துக்குள்ள இருந்து கிளம்புச்சு. துண்ட வாயில திணிச்சேன். திரும்பி மேல பாத்தேன், பாத்திருக்கவே கூடாது, அந்தக் கன்னம். தோள் ரெண்டும் குலுங்குது. குத்தவச்சு உக்காந்துட்டேன், முகத்த முட்டிக்குள்ள புதைச்சுக்கிட்டேன். மூச்சு கீச்சுக் கீச்சுன்னு வருது. திண்ணைல இருந்த சித்தப்பா பசங்களுக்கு மட்டும் வெளங்கிருச்சு. ஒருத்தன்கூடச் சிரிக்கல, அத்தனயும் யோக்கியனாட்டம் நிக்கிறானுங்க.

எங்க அத்தை பாத்துட்டு ஓடியாந்துச்சு. நான் அழுவுறேன்னு நெனச்சுட்டு. காலையிலருந்து ஒரு சொட்டு விடாம வேல பாத்த பய இப்பத்தான் ஒடையுறான்னு அதுக்கு. முதுகத் தடவி, "அழுதுரு சாமி, அடக்காத, அழுதுரு"ன்னுச்சு. சின்னப் பிள்ளைல காய்ச்சல் வந்தா தடவுற அதே கை. அம்புட்டுதான். அதுக்கப்புறம் வந்தது சிரிப்பில்ல. சுடுகாட்டுக்குப் போற வரைக்கும் என்னால நிறுத்த முடியல, ரெண்டு பேரு கைத்தாங்கலா கூட்டிப் போனாங்க.

ஊர்ல இன்னிக்கும் சொல்லுவாங்க, தாத்தன் மேல அவனுக்குத்தான் பாசம்னு. எங்கிட்டுத் தொடங்குச்சுன்னு யாருக்கும் தெரியாது.

பாளை_பரணி:

அண்ணே, ஆபீஸ்ல உக்காந்து படிச்சுட்டு பக்கத்து சீட்டுக்காரன் என்னாச்சுன்னு கேக்கான். மெஷின் சிரிப்புன்னு சொன்னது தப்புதான், வாபஸ். பட்டியல் விஷயத்துல நான் இன்னும் அங்கதான் நிக்கேன். காமெடிய ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு அடுக்க அது என்ன ரேஷன் கடை வரிசையா? யானை உரிச்ச ஜோக்க விட இந்த ஃப்ளெக்ஸ் ஜோக்குக்கு நான் அதிகமாச் சிரிச்சேன், இத எந்தப் பட்டியல்ல போடுவாவ?

ரெண்டுவரி_சப்டைட்டில்:

பேரன் சார், ஒண்ணு கவனிச்சீங்களா? மேரிகிட்ட "சிரி"ன்னாங்க, அழுதா. உங்ககிட்ட "அழு"ன்னாங்க, நீங்களும் அழுதீங்க. டேவிட் லாயிட் வரைஞ்ச கோட்டுக்கு உங்க அத்தை வேற பக்கமா வந்து சேந்துட்டாங்க. நீங்க இந்த எபிசோட தனியாப் பாக்காதீங்க. அந்த நாலு தம்பிங்களயும் கூட வச்சுக்கிட்டுப் பாருங்க.

கலா, ஓனர்கிட்ட எம்மிக் கணக்கெல்லாம் சொல்லாதீங்க. இந்தப் பதிவ அப்படியே படிச்சுக் காட்டுங்க.

கடைசிபெஞ்ச்_கலா:

காட்டிட்டேன். மொபைல வாங்கி அவரே படிச்சார். 'முழுங்கக்கூட விடலயே'ல எந்திரிச்சு வெளிய போயிட்டார். திரும்பி வந்து "சரி எழுது, ஆனா மச்சானுக்கு வசனம் இருக்கணும்"னார். மச்சானையே ஃப்ளெக்ஸ்ல போட்டுடலாம்னு இருக்கேன், வாய் நிறைய இருக்கும், வசனம் தேவைப்படாது.

பேரன் அண்ணே, அந்த வரிய நான் எடுத்துக்கட்டுமா?

கோலிசோடா_பேரன்:

எடுத்துக்க தங்கச்சி. சோடாக் கம்பெனின்னு மட்டும் வேணாம், வேற ஏதாச்சும் கடையா மாத்திரு. அத்தை இப்ப போன்ல இதெல்லாம் பாக்குது.